வேர்ல்டு சீரிஸ் வினாடி வினாவுக்கு நல்ல கேள்வி எழுதுவது எப்படி

"வேர்ல்டு சீரிஸில் மிக அதிகமாக ஹோம் ரன் அடித்தவர் யார்?" (வேர்ல்டு சீரிஸ் என்பது நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்ற இரண்டு லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர். ஹோம் ரன் என்பது ஒரே அடியில் நாலு பேஸையும் சுற்றி வந்து எடுக்கும் ரன்.) விடை மிக்கி மேன்டில், மொத்தம் 18. தெரிந்தவர் பட்டென்று சொல்லிவிடுவார். தெரியாதவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்பார். இரண்டு பேருக்குமே இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நியூயார்க் யாங்கீஸ் அணியின் யாங்கி ஸ்டேடியம் திறந்தது 1923-இல். அங்கே வேர்ல்டு சீரிஸில் விழுந்த முதல் ஹோம் ரனை அடித்தவர் எதிரணிக்காரர். பிற்காலத்தில் அவரே யாங்கீஸுக்கு மேனேஜராக வந்து 7 முறை சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தார். யார் அவர்?" யாங்கீஸின் நட்சத்திரம் பேப் ரூத் என்று சொல்ல வாயெடுத்தவர் 'எதிரணிக்காரர்' என்ற இடத்தில் நின்றுவிடுவார். யாங்கீஸ் மேனேஜர், 7 பட்டம் என்று பின்னாலிருந்து யோசிப்பவர் கேஸி ஸ்டெங்கலிடம் வந்து சேர்வார். அன்று அவர் நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆட்டக்காரர், வயது 33. பந்து வேலியைத் தாண்டவே இல்லை. மைதானத்துக்குள் உருண்டோடியது, இவர் மூச்சிரைக்க நாலு பேஸையும் சுற்றி ஓடி வந்து சேர்ந்தார். 9வது இன்னிங்ஸில் வந்த அந்த ரன்தான் 5-4 என்று ஆட்டத்தையே ஜெயித்துக் கொடுத்தது.

அக்டோபர் வந்தால் பேஸ்பால் நண்பர்களுக்காகக் கேள்வி தயாரிப்பது வெகுகாலமாக என் பொறுப்பு. ஒரே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். விடை தெரியாத ஒருவர்கூட கேள்வியில் இருக்கும் கதையைப் பிடித்துக்கொண்டு விடை வரை நடந்து போக முடிய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எலும்புக்கூடு

கேள்வி எழுத உட்காருவதற்கு முன் சில அடிப்படைகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். முதல் வேர்ல்டு சீரிஸ் 1903-இல் நடந்தது. பாஸ்டன் அமெரிக்கன்ஸ், பிட்ஸ்பர்க் பைரேட்ஸை 5-3 என்று ஜெயித்தது. அதன் பிறகு இரண்டே இரண்டு வருடங்களில்தான் சீரிஸ் நடக்கவில்லை. 1904-இல் ஜயன்ட்ஸ் அணியின் ஜான் மெக்ரா, நேற்று முளைத்த அமெரிக்கன் லீகோடு ஆட மாட்டோம் என்று மறுத்துவிட்டார். 1994-இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம். நாலு ஆட்டம் ஜெயித்தவருக்குப் பட்டம் என்பதுதான் வழக்கம். ஆனால் 1903, 1919, 1920, 1921 ஆகிய நாலு வருடமும் ஐந்து ஆட்டம் ஜெயிக்க வேண்டியிருந்தது. தொடர் நாயகன் விருது, அதாவது எம்விபி, 1955-இல்தான் தொடங்கியது. முதலில் வாங்கியவர் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸின் ஜானி போட்ரெஸ்.

இவை தெரிந்தால் என்ன லாபம்? வலை விரிக்கத் தெரியும். "ஏழு ஆட்டத் தொடராக நடந்தும் எட்டாவது ஆட்டம் வரை போன வேர்ல்டு சீரிஸ் எது?" எட்டு ஆட்டம் நடந்த வருடங்களைத் தெரிந்தவர்கள் 1903, 1919, 1921 என்று அடுக்குவார்கள். அதெல்லாம் ஒன்பது ஆட்டத் தொடர்கள். விடை 1912. இருட்டிவிட்டதால் ஓர் ஆட்டம் சமனில் முடிந்தது, அதனால் ஒன்று கூடிப்போனது.

விருது தொடங்கிய வருடத்தில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. 2017 முதல் அந்த விருதுக்கு ஜயன்ட்ஸ் ஆட்டக்காரர் வில்லி மேஸின் பெயர். வேர்ல்டு சீரிஸில் அவர் முதுகைக் காட்டி ஓடி அந்தப் புகழ்பெற்ற கேட்சைப் பிடித்தது 1954-இல், அதாவது விருது பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னால். மேஸ் நாலு வேர்ல்டு சீரிஸ் ஆடியவர், வாழ்நாளில் 660 ஹோம் ரன் அடித்தவர். வேர்ல்டு சீரிஸில் அவர் அடித்த ஹோம் ரன் எத்தனை? ஒன்றுகூட இல்லை. எண்களைக் கேட்பது எனக்குப் பிடிக்காது என்றாலும், நம்ப முடியாத எண் என்றால் தாராளமாகக் கேட்பேன்.

நாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள்

நாயகனை எல்லாருக்கும் தெரியும். பைரேட்ஸின் பில் மேஸரோஸ்கி என்று ஆரம்பித்தாலே பாதிப் பேர் 1960, 7வது ஆட்டம், ஃபோர்ப்ஸ் ஃபீல்டு என்று முடித்துவிடுவார்கள். வேர்ல்டு சீரிஸின் 7வது ஆட்டத்தைக் கடைசி அடியிலேயே முடித்த ஒரே ஹோம் ரன் அது. 10-9. அதனால் நான் மேஸரோஸ்கியைக் கேட்பதில்லை, அந்தப் பந்தைப் போட்டவரைக் கேட்பேன். அவர் யாங்கீஸின் ரால்ஃப் டெர்ரி.

டெர்ரியின் கதைக்காகவே வேர்ல்டு சீரிஸ் கேள்வி எழுதலாம் என்று நினைக்கிறேன். இரண்டு வருடம் கழித்து, 1962 அக்டோபர் 16, சான் ஃபிரான்சிஸ்கோவின் கேன்டில்ஸ்டிக் பார்க். மறுபடி 7வது ஆட்டம், மறுபடி 9வது இன்னிங்ஸின் பின்பாதி, பந்து போடும் மேட்டில் மறுபடி அதே டெர்ரி. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு இடம்மாறிவிட்ட ஜயன்ட்ஸுக்கு எதிராக யாங்கீஸ் 1-0 என்று முன்னால் இருக்கிறது. மேட்டி ஆலூ பந்தை மெல்லத் தட்டிவிட்டு முதல் பேஸுக்கு ஓடிவிட்டார். அடுத்த இருவரையும் டெர்ரி ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அப்புறம் வில்லி மேஸ் வலது பக்கம் ஒரு டபுள் (இரண்டாவது பேஸை எட்டும் அடி) அடித்தார். மழையில் நனைந்த புல்லில் பந்து வேகம் குறைந்தது, ராஜர் மாரிஸ் பாய்ந்து எடுத்து எறிந்தார், ஆலூ மூன்றாவது பேஸிலேயே நிற்க வேண்டியதாயிற்று. இப்போது பேட் பிடிக்க வருபவர் வில்லி மெக்கோவி. அந்தத் தொடரிலேயே டெர்ரியின் பந்தில் ஹோம் ரன் அடித்தவர், அன்றைய ஆட்டத்தில் ட்ரிபிளும் அடித்தவர். மேனேஜர் ரால்ஃப் ஹவுக் மேட்டுக்கு வந்து, இவரை அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு நடக்க விட்டுவிட்டு அடுத்து வரும் ஆர்லாண்டோ செபேடாவுக்குப் போடலாமா என்று கேட்டார். டெர்ரி மெக்கோவிக்கே போடுகிறேன் என்றார். மெக்கோவி அடித்த அடி தோட்டா மாதிரி போனது. நேராக இரண்டாவது பேஸ்மேன் பாபி ரிச்சர்ட்சன் கையுறைக்குள். கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போயிருந்தால் இரண்டு பேர் ஓடி வந்து ஜயன்ட்ஸ் பட்டத்தை வாங்கியிருக்கும். அந்த வருட எம்விபி டெர்ரி.

இதிலிருந்து என் கேள்வி: "ஒரு 7வது ஆட்டத்தில் கடைசிப் பந்தைப் போட்டு சீரிஸையே தோற்றவர், இரண்டு வருடம் கழித்து இன்னொரு 7வது ஆட்டத்தில் கடைசிப் பந்தைப் போட்டு எம்விபி ஆனார். யார்?" பெயர் தெரியாதவர்கூட 1960-ஐ நினைத்து, எதிரணி யாங்கீஸ் என்று பிடித்து, 1962-க்கு வந்துவிடுவார்.

பந்தைப் பிடித்த ரிச்சர்ட்சனையும் விட்டுவிடாதீர்கள். 1960-இல் தோற்ற அணியில் இருந்துகொண்டு எம்விபி வாங்கியவர் அவர். தோற்ற அணியிலிருந்து அந்த விருதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். தன் அடிகளால் அணிக்கு 12 ரன் வரவழைத்திருந்தார். அந்தத் தொடர் முழுக்க யாங்கீஸ் எடுத்தது 55 ரன், பைரேட்ஸ் எடுத்தது 27. பட்டம் பைரேட்ஸுக்கு. இந்த இரண்டு எண்களையும் சொல்லி, "பட்டம் யாருக்கு?" என்று மட்டும் கேட்டால் புதியவர்களுக்கு அருமையான ஆரம்பக் கேள்வி.

பக்கத்தில் நிற்பவரைத் தேடுவதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு புகழ்பெற்ற தருணத்துக்கும் மூன்று பேரைக் குறித்து வையுங்கள்: பந்தைப் போட்டவர், பேஸில் நின்றவர், அடுத்து பேட் பிடிக்கக் காத்திருந்தவர். மேஸின் 1954 கேட்சுக்கு இதைச் செய்தால் ஜயன்ட்ஸின் பிட்சர் (பந்து போடுபவர்) டான் லிடில் கிடைப்பார். எதிரணியின் விக் வெர்ட்ஸ் என்ற ஒரே ஒரு பேட்டருக்குப் போடுவதற்காக உள்ளே வந்தார், அவர் அடித்ததை மேஸ் முதுகைக் காட்டி ஓடிப் பிடித்தார், உடனே லிடிலை மாற்றிவிட்டார்கள். அதே ஆட்டத்தில் மைதானத்தையும் கேள்வியாக்கலாம். போலோ கிரவுண்ட்ஸ் நடுவில் 480 அடிக்கும் மேல் ஆழம், வலது பக்கக் கோட்டோரம் 258 அடிதான். வெர்ட்ஸ் 400 அடிக்கு மேல் அடித்தது அவுட். பத்தாவது இன்னிங்ஸில் ஜயன்ட்ஸின் டஸ்டி ரோட்ஸ் வலது கோட்டோரம் சும்மா தூக்கிவிட்டது ஹோம் ரன், ஆட்டமும் முடிந்தது.

எல்லாரும் தவறாக நம்புவதை நேர்மையாகக் கேளுங்கள்

1986-ஐப் பற்றி நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவேன். முதல் பேஸைக் காத்த பில் பக்னரின் கால்களுக்கிடையே பந்து போனதால் பாஸ்டன் ரெட் சாக்ஸ் வேர்ல்டு சீரிஸைத் தோற்றது என்று இன்றும் கேள்வியில் எழுதுகிறார்கள். நியாயமே இல்லை. நடந்ததை வரிசையாகப் பாருங்கள். அது நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான 6வது ஆட்டம். 10வது இன்னிங்ஸின் பின்பாதியில் ரெட் சாக்ஸ் 5-3 என்று முன்னால் இருக்கிறது, இரண்டு பேர் அவுட், பேஸில் ஒருவரும் இல்லை. கேரி கார்ட்டர், கெவின் மிட்செல், ரே நைட் வரிசையாக மூன்று சிங்கிள். 5-4. பிட்சரை மாற்றினார்கள். புதிதாக வந்த பாப் ஸ்டேன்லியின் ஒரு பந்து கேட்சரைத் தாண்டி ஓட, மிட்செல் ஓடி வந்து 5-5 ஆக்கிவிட்டார். முன்னிலை போய்விட்டது. இதற்குப் பிறகுதான் மூக்கி வில்சன் அடித்த அந்தப் பந்து உருண்டு பக்னரைத் தாண்டிப் போகிறது, நைட் ஓடி வருகிறார், 6-5.

அதோடும் முடியவில்லை. 7வது ஆட்டம் மீதியிருந்தது. அதில் ரெட் சாக்ஸ் 3-0 என்று முன்னால் போய், 8-5 என்று தோற்றது. ஒரு மனிதனின் தலையில் இத்தனையும் ஏற்றுவதற்குக் கேள்வி எழுதுகிறவர்களும் காரணம். "பக்னரின் தவறு நடந்த கணத்தில் ஸ்கோர் என்ன?" என்று கேளுங்கள். 5-5 என்ற விடையைக் கேட்டதும் அறையில் ஒரு சலசலப்பு வரும். அப்போது மேலே சொன்ன கதையைச் சொல்லுங்கள்.

இந்த மாதிரி நம்பிக்கைகளைச் சோதிக்க எளிய வழி, அந்தக் கணத்தின் ஸ்கோரையும் அது எத்தனையாவது ஆட்டம் என்பதையும் பார்ப்பதுதான். ரெட் சாக்ஸின் கார்ல்டன் ஃபிஸ்க் 1975-இல் கையை ஆட்டி ஆட்டிப் பந்தை, எல்லையைக் குறிக்கும் ஃபவுல் கம்பத்துக்கு உள்ளே தள்ளிய ஹோம் ரன் 6வது ஆட்டத்தில். பட்டம் வாங்கியது எதிரணி சின்சினாட்டி. ஜோ கார்ட்டர் 1993-இல் டொரான்டோவுக்கு அடித்தது சீரிஸையே முடித்த ஹோம் ரன்தான், ஆனால் அதுவும் 6வது ஆட்டம். மேஸரோஸ்கியோடு அவரைக் குழப்பிக் கேள்வி எழுதிவிடக் கூடாது.

பேப் ரூத் 1932-இல் பந்து போகும் இடத்தைக் கையால் காட்டிச் சொல்லி ஹோம் ரன் அடித்தாரா என்பதைக் கேள்வியாக்காதீர்கள். அவர் ஏதோ சைகை செய்தார் என்பது உண்மை. எதைக் காட்டினார் என்பதில் இன்றுவரை சண்டை, பந்தைப் போட்ட சார்லி ரூட் கடைசி வரை மறுத்தார். சந்தேகமில்லாதவை போதுமானவை: ரிக்லி ஃபீல்டு, 3வது ஆட்டம், 5வது இன்னிங்ஸ், ஸ்கோர் 4-4. ரூத் அடித்த உடனே அடுத்து வந்து இன்னொரு ஹோம் ரன் அடித்தவர் யார் என்று கேளுங்கள். லூ கெரிக். அவரைத்தான் எல்லாரும் மறந்துபோகிறார்கள்.

கெட்டுப்போகும் கேள்விகள்

"வேர்ல்டு சீரிஸில் எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காத ஆட்டம் எது?" (ஹிட் என்றால் பேட்டர் பந்தை அடித்துப் பேஸை எட்டுவது.) பல காலம் இதற்கு ஒரே விடைதான்: 1956 அக்டோபர் 8, 5வது ஆட்டம், யாங்கீஸின் டான் லார்சன். 2022 நவம்பர் 2-ஆம் தேதியோடு அந்தக் கேள்வி செத்துவிட்டது. ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் கிறிஸ்டியன் ஹாவியர், பிரையன் அப்ரேயூ, ரஃபேல் மொன்டேரோ, ரையன் பிரஸ்லி நாலு பேரும் சேர்ந்து பிலடெல்ஃபியாவுக்கு ஒரு ஹிட்டும் கொடுக்கவில்லை. பழைய புத்தகத்திலிருந்து கேள்வியை அப்படியே எடுத்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

லார்சனுக்கு இன்னமும் இரண்டு பெருமைகள் பாக்கி. வேர்ல்டு சீரிஸின் ஒரே பெர்ஃபெக்ட் கேம் அவருடையது. 27 பேர் வந்தார்கள், ஒருவர்கூட முதல் பேஸை மிதிக்கவில்லை. தனி ஒருவராக ஹிட் கொடுக்காமல் முழு ஆட்டம் முடித்தவரும் வேர்ல்டு சீரிஸில் அவர் மட்டுமே. கேள்வியில் இந்த வார்த்தைகள் துல்லியமாக இருக்க வேண்டும். 'போஸ்ட் சீசன்' (வழக்கமான சீசனுக்குப் பிந்தைய எல்லாத் தொடர்களும்) என்று எழுதிவிட்டால் 2010-இல் ராய் ஹாலடே டிவிஷன் சீரிஸில் செய்தது குறுக்கே வந்து நிற்கும். லார்சன் கேள்வியில் எனக்குப் பிடித்த துணுக்கு வேறு. அதே தொடரின் 2வது ஆட்டத்தில் அவர் இரண்டு இன்னிங்ஸ்கூடத் தாங்கவில்லை, மேட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். மூன்று நாளில் பெர்ஃபெக்ட் கேம். கடைசி ஸ்ட்ரைக்கை அழைத்த அம்பயர் பேப் பினெல்லிக்கு, தட்டுக்குப் பின்னால் நின்ற கடைசி ஆட்டம் அது.

இன்னும் சில கேள்விகள் சமீபத்தில் கெட்டுப்போயின. வேர்ல்டு சீரிஸில் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன்) அடித்து ஆட்டத்தை முடித்தவர் ஒருவரும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2024 முதல் ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் யாங்கீஸுக்கு எதிராக அடித்துவிட்டார். மாற்று பேட்டராக வந்து கிராண்ட் ஸ்லாம் அடித்தவரும் இல்லாதிருந்தார். 2025 முதல் ஆட்டத்தில் டொரான்டோவின் அடிசன் பார்ஜர் அடித்தார். ஜப்பானில் பிறந்த எம்விபி என்றால் 2009-இன் ஹிடெகி மட்சுய் ஒருவர்தான் என்பதும் போயிற்று. 2025-இல் டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ வாங்கினார். 2வது ஆட்டத்தைத் தனியாக முடித்தார், 6வது ஆட்டத்தைத் தொடங்கி ஜெயித்தார், மறுநாளே 7வது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் வந்து அதையும் ஜெயித்தார்.

மருந்து எளிது. 'ஒரே', 'முதல்', 'இதுவரை' என்ற சொற்கள் வரும் கேள்விகளையெல்லாம் தனியாக ஒரு பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு நவம்பரிலும், சீரிஸ் முடிந்த வாரத்திலேயே, அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து ஒருமுறை சரிபாருங்கள். சியாட்டில் மாரினர்ஸ் மட்டுமே வேர்ல்டு சீரிஸுக்கு வந்ததே இல்லை என்பது 2025 முடிவில் உயிரோடு இருக்கிறது. அது மயிரிழையில் பிழைத்தது, அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் 7வது ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள்.

துப்புகளை அடுக்கும் முறை

ஒரு பெயருக்கு மூன்று துப்பு கொடுக்கும் கேள்விகள்தான் சுற்றை விறுவிறுப்பாக்கும். கடினமான துப்பு முதலில், எளிதானது கடைசியில். முதல் துப்பிலேயே சொன்னால் 3 புள்ளி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. இதற்கு எட்கர் ரென்டரியாவை விடப் பொருத்தமானவர் எனக்குக் கிடைத்ததில்லை. நான் எழுதுவது இப்படி:

"2004-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பேப் ரூத்தின் 3ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டு, பிட்சரிடமே தரையோடு அடித்து சீரிஸின் கடைசி அவுட் ஆனார். ரெட் சாக்ஸின் 86 வருடக் காத்திருப்பு அவர் அடியோடு முடிந்தது. 2010-இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு ஆடி எம்விபி வாங்கினார். 1997-இல் ஃப்ளோரிடா மார்லின்ஸுக்காக 7வது ஆட்டத்தின் 11வது இன்னிங்ஸில் அவர் அடித்த சிங்கிள்தான் பட்டத்தைக் கொடுத்தது."

ஒரே மனிதர் ஒரு சீரிஸை ஜெயித்து முடித்திருக்கிறார், இன்னொன்றைத் தோற்று முடித்திருக்கிறார். எந்தத் துப்பில் விடை வரும் என்பது கூட்டத்தைப் பொறுத்தது. பாஸ்டன் ரசிகர் இருந்தால் முதல் துப்பிலேயே முடிந்துவிடும், அப்போது வரிசையை மாற்றிவிடுங்கள்.

மூன்று துப்புக்கு ஒரு பெயர் போல, மூன்று பெயருக்கு ஒரு துப்பும் எழுதலாம். 1947-இல் யாங்கீஸின் பில் பெவென்ஸ் 4வது ஆட்டத்தில் 26 பேரை அவுட்டாக்கும் வரை ஒரு ஹிட் கொடுக்கவில்லை. ஆனால் 10 பேரை நடக்க விட்டிருந்தார். அந்த நிலையில் ப்ரூக்ளினின் குக்கி லவஜெட்டோ ஒரு டபுள் அடித்து நோ-ஹிட்டரையும் ஆட்டத்தையும் ஒரே அடியில் பறித்தார். 6வது ஆட்டத்தில் ஜோ டிமாஜியோ அடித்ததை வேலியோரம் ஓடிப் பிடித்தவர் அல் ஜியான்ஃப்ரிடோ. இந்த மூன்று பெயரையும் சொல்லி, மூவருக்கும் பொதுவானது என்ன என்று கேளுங்கள். அந்தத் தொடருக்குப் பிறகு மூவரில் ஒருவரும் மேஜர் லீகில் இன்னோர் ஆட்டம் ஆடவில்லை. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது மனதைப் பிசைகிறது.

1919-ஐ எப்படிக் கையாள்வது

பணம் வாங்கிக்கொண்டு சிகாகோ வைட் சாக்ஸ் சின்சினாட்டி ரெட்ஸிடம் தோற்ற கதை. எட்டுப் பேரை கமிஷனர் லாண்டிஸ் வாழ்நாள் முழுக்கத் தடை செய்தார், நீதிமன்றம் விடுதலை செய்த பிறகும். எல்லாரும் ஷூலெஸ் ஜோ ஜாக்சனைக் கேட்பார்கள். அந்தத் தொடரில் அவர் சராசரி .375, ஹிட் 12. இதை வைத்து அவர் குற்றமற்றவர் என்றோ குற்றவாளி என்றோ தீர்ப்பு எழுதும் கேள்வி வேண்டாம். 2025 மே மாதம், இறந்துபோனவர்களைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதனால் 'இன்னும் தடையில் இருக்கும் ஜாக்சன்' என்ற வாசகமும் இப்போது தவறு.

நான் கேட்பது டிக்கி கெர்ரைப் பற்றி. அதே வைட் சாக்ஸின் சிறு உருவப் பிட்சர், சதியில் சேராதவர். தனக்குப் பின்னால் ஃபீல்டிங் செய்பவர்களில் சிலர் தோற்கவே ஆடிக்கொண்டிருக்க, இரண்டு ஆட்டம் தொடங்கி இரண்டையும் ஜெயித்தார். அவர் பெயர் ஒவ்வொரு வினாடி வினாவிலும் வர வேண்டும்.

சரிபார்க்காமல் எதையும் வாசிக்காதீர்கள்

பேஸ்பாலின் பெரிய அதிர்ஷ்டம், நூறு வருடத்துக்கு முந்தைய வேர்ல்டு சீரிஸ் ஆட்டத்துக்கும் ஒவ்வொரு பேட்டராக என்ன நடந்தது என்ற குறிப்பு இருப்பதுதான். ரெட்ரோஷீட், பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற இணையதளங்களில் பாக்ஸ் ஸ்கோரைத் (ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியல்) திறந்து, எத்தனையாவது ஆட்டம், எந்த இன்னிங்ஸ், எத்தனை அவுட், யார் சொந்த மைதானம் என்ற நாலையும் பார்த்துவிடுங்கள்.

இதில் தப்பைத் தவிர்ப்பதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு, புதுக் கேள்வி கிடைக்கும். 1920, 5வது ஆட்டம். கிளீவ்லாந்தின் பில் வாம்ப்ஸ்கேன்ஸ் வேர்ல்டு சீரிஸின் ஒரே தனியாள் ட்ரிபிள் ப்ளேயை (ஒரே அடியில் மூன்று அவுட்) செய்தார். குதித்துப் பந்தைப் பிடித்தார், ஒருவர் அவுட். இரண்டாவது பேஸை மிதித்தார், மூன்றாவதை நோக்கி ஓடிவிட்ட பீட் கில்டஃப் அவுட். திரும்பினால் முதல் பேஸிலிருந்து ஓடி வந்த ஆட்டோ மில்லர் திகைத்துப் போய் எதிரே நிற்கிறார், அவரையும் தொட்டார். இது எல்லாரும் அறிந்தது. ஆட்டத்தின் குறிப்பில் இன்னும் கீழே போங்கள். பந்தை அடித்த ப்ரூக்ளினின் கிளாரன்ஸ் மிட்செல், தன் அடுத்த வாய்ப்பில் டபுள் ப்ளேயில் (ஒரே அடியில் இரண்டு அவுட்) மாட்டினார். "அடுத்தடுத்த இரண்டே அடிகளில் தன் அணிக்கு 5 அவுட் வாங்கித் தந்தவர் யார்?" இந்தக் கேள்வி தலைப்புச் செய்தியில் கிடைக்காது, ஆட்டத்தை வரிவரியாகப் படித்தால்தான் கிடைக்கும். அதே ஆட்டத்தில்தான் எல்மர் ஸ்மித் வேர்ல்டு சீரிஸின் முதல் கிராண்ட் ஸ்லாமை அடித்தார் என்பதும் கொசுறு.

இன்னொன்று, பேட்டராகப் பெயர் வாங்கியவர்களின் பிட்சிங் பக்கத்தையும் பாருங்கள். 1916-இன் 2வது ஆட்டத்தில் 14 இன்னிங்ஸ் முழுக்கத் தனியாகப் பிட்ச் செய்து 2-1 என்று ஜெயித்த ரெட் சாக்ஸ் பிட்சர் யார் என்று கேட்டால் பழைய பிட்சர்களின் பெயரெல்லாம் வரும். பேப் ரூத் என்று வருவதற்கு நேரமாகும்.

வாசிக்கும்போது

கேள்வி நீண்டால் பரவாயில்லை, ஆனால் என்ன கேட்கிறோம் என்பது கடைசி வாக்கியத்தில் தனியாக வர வேண்டும். விடை ஒரு பெயராகவோ ஒரு வருடமாகவோ இருக்கட்டும். விளக்கம் கேட்கும் கேள்வி வாக்குவாதத்தில்தான் முடியும். விடையை அறிவித்த பிறகு இரண்டு வரி கதை சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். புதியவர்கள் நிறைய இருந்தால் முதல் சில கேள்விகள் சிகாகோ கப்ஸின் 108 வருடக் காத்திருப்பு, 2016-இன் 7வது ஆட்டத்தில் பத்தாவது இன்னிங்ஸுக்கு முன் பெய்த 17 நிமிட மழை, வெளிநாட்டுக்குப் போன பட்டங்கள் என்று இருக்கலாம். 1992, 1993 இரண்டுமே டொரான்டோவுக்கு.

கடைசியில் இரண்டு அணிகள் சமனில் நின்றால் மட்டும் நான் எண்ணைக் கேட்பேன். யார் நெருங்கிச் சொல்கிறாரோ அவருக்கு வெற்றி. டான் லார்சன் தன் பெர்ஃபெக்ட் கேமுக்கு எத்தனை பந்து போட்டார்? 97. அதிலும் சமன் என்றால், 2018-இல் டாட்ஜர்ஸும் ரெட் சாக்ஸும் 18 இன்னிங்ஸ் ஆடிய 3வது ஆட்டம் எத்தனை நிமிடம் நடந்தது? 7 மணி 20 நிமிடம், அதாவது 440. எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் இரண்டாவதாகச் சொல்பவர் முதலாமவரைவிட ஒன்று கூட்டிச் சொல்லிவிடுவார்.